முப்பத்தோரு சாரி

ஆபீஸில் அவருக்கு அகராதி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டாலும் நாலு அர்த்தமும் நாற்பது உதாரணமும் சொல்வதால்தான் தன்னை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அகராதி பிடித்தவர் என்பதன் சுருக்கம் அது என்று பதினெட்டு வருடமாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், 'பிடித்தவர்' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் தெரியுமா என்று ஆரம்பித்திருப்பார். அதற்குப் பயந்தே சொல்லவில்லை.

லிஃப்ட் மாட்டிப் பராமரிக்கிற கம்பெனி அது. அவருக்குக் கடிதப் பிரிவில் வேலை. தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் தமிழில் திட்டுவதை ஆங்கிலமாக்கி மேலே அனுப்ப வேண்டும். இரண்டாவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. 'உங்கள் லிஃப்டில் தீயை வைக்க' என்று தொடங்கும் கடிதம், அவர் மேசையைத் தாண்டிப் போகும்போது, 'வாடிக்கையாளர் தம் மனக்குறையைப் பகிர்ந்துகொள்கிறார்' என்று ஆகியிருக்கும்.

எல்லாச் சொற்களிலும் அவருக்குச் செல்லப்பிள்ளை 'சாரி'. கேன்டீனில் யாராவது வாய் தவறி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார்.

"கால மிதிச்சாலும் சாரி, கல்யாணத்த நிறுத்தினாலும் சாரி. துக்கம் விசாரிக்கப் போனாலும் சாரி. சொன்னது காதுல விழலைன்னா சாரி. உனக்கு வேலை இல்லன்னு சொல்றதுக்கும் சாரி. ஒரு பொருள் பாக்கச் சகிக்கலைன்னா அதுவும் சாரிதான். இத்தன வேலை பாக்கற ஆள் நம்ம ஆபீஸ்லயே கிடையாது."

பக்கத்து மேசை மெக்கானிக்குகள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார்கள். அவர்களுக்கு வேலை இருக்கிறது போலும் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

அவருடைய ஆகச்சிறந்த படைப்பும் சாரியைப் பற்றியதுதான். போன வருடம் கம்பெனி இரண்டு அவசர மெக்கானிக்குகளை வீட்டுக்கு அனுப்பியது. அதனால் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் முன்பைவிட நீண்ட நேரம் மாட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த நேரமெல்லாம் உதவி எண்ணில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஏதாவது பேச வேண்டுமே. மேனேஜர் அகராதியைக் கூப்பிட்டு, பேசுவதற்கு ஒரு அட்டை எழுதித் தரச் சொன்னார். அகராதி மூன்று நாள் வேறு எந்த வேலையும் பார்க்காமல், ஏழு விதமான சாரியை எழுதினார். திரும்பத் திரும்பக் கேட்கிற உணர்வு வராமல் இருக்க, சுழற்சி முறையில் சொல்ல வேண்டும் என்று கீழே ஒரு குறிப்பும் கொடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்டு அதை உதவி எண் அறையில் மாட்டினார்கள். வேலை இல்லாத சமயங்களில் அந்தப் பக்கம் போய் நின்று, தன் வாக்கியங்கள் அந்தப் பெண்களின் வாயிலிருந்து வருவதைக் கேட்டுவிட்டு வருவார்.

அந்த அட்டைக்கு இருந்த மரியாதை அவருக்கு வீட்டில் இல்லை. சரியாகச் சொன்னால், அப்போது வீட்டில் அவருக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்கு வந்தபோது, அவர் மனைவி விடுதி வார்டனுக்குத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பினாள். என் மகள் காய்ச்சலாக இருக்கிறாள், இரண்டு நாளைக்குத் தயவுசெய்து சாரி, என்கிற மாதிரி. வார்டனுக்குப் புரிந்தது, லீவும் கொடுத்துவிட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அகராதி அந்தச் செய்தியைப் படம் எடுத்து, தவறுகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'மூன்றாவது நாள் சாரி கிடையாதா?' என்று கேட்டு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். பதினெட்டு பேர் சிரித்தார்கள். அவள் உடன்பிறந்த தம்பி கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மையை ஐந்து முறை போட்டிருந்தான்.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. சண்டையும் போடவில்லை, சமையலும் நிற்கவில்லை. சாப்பாடு மேசைக்கு வந்தது, சட்டை இஸ்திரியாகி வந்தது. சொல் மட்டும் வரவில்லை. ஒன்பதாம் நாள், அவர் பெரிய மனது பண்ணி, "உன் மனசு கஷ்டப்பட்டிருந்தா எனக்கும் வருத்தம்தான்" என்றார். அவள் அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, துவைத்த துணியை எடுக்க மாடிக்குப் போனாள். இவ்வளவு நேர்த்தியான வாக்கியம் ஏன் வேலை செய்யவில்லை என்று அவருக்குப் புரியவில்லை.

டீச்சரின் கடிதம் வந்தது அந்த வாரம்தான்.

டீச்சர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. அறுபத்தெட்டு வயது, தனியாக இருப்பவர். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு மத்தியானம் லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. இரண்டு மணி இருபது நிமிடம் உள்ளேயே இருந்தார். அதற்கு உங்கள் கம்பெனி என்ன சொல்கிறது என்று கேட்டு, ஆங்கிலத்தில் நாலே வரியில் எழுதியிருந்தார். நஷ்டஈடு கேட்கவில்லை. அதுதான் மேனேஜரைக் கலக்கியது. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம்.

வழக்கமான பதில் போயிற்று: ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருப்பின் அதற்காகக் கம்பெனி சாரி. நாலாம் நாள் அதே கடிதம் திரும்பி வந்தது. 'ஏற்பட்டிருப்பின்' என்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, 'ஏற்பட்டதா இல்லையா என்று உங்களுக்கே தெரியாதா?' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. கீழே பத்துக்கு இரண்டு மதிப்பெண். 'மறுபடி எழுதிக் காட்டவும்.'

அகராதிக்கு முகம் சிவந்துவிட்டது. சாரியை எடுத்துவிட்டு ரிக்ரெட் போட்டு அனுப்பினார். அதுவும் திரும்பி வந்தது. வேலைக்கு மனுப் போட்டவனை வேண்டாம் என்று சொல்லும்போது எழுதுகிற சொல் அது என்று டீச்சர் குறித்திருந்தார். பத்துக்கு மூன்று. 'முன்னேற்றம் தெரிகிறது.' மூன்றாவது கடிதத்தில் ஆழ்ந்த ரிக்ரெட் என்று எழுதினார். 'எத்தனை அடி?' என்று கேட்டு வந்தது. மதிப்பெண் ஏறவில்லை.

அதற்குள் மாதக்கடைசி நெருங்கிவிட்டது. முடிக்காத புகார்களைத் தலைமை அலுவலகம் மாதாமாதம் எண்ணும். மேனேஜர் கம்பெனி வக்கீலை வரவழைத்தார். மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சொல்லைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். வக்கீல் தெளிவாக இருந்தார். சாரி சொல்லலாம், நாளைக்கு வழக்கு வந்தால் அது வெறும் அனுதாபம்தான் என்று வாதாடலாம். அப்பாலஜி என்ற பேச்சே கூடாது, அது தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி. அந்த அம்மா ஆங்கிலத்தில் புலி, தமிழில் எழுதினால் என்ன என்று மேனேஜருக்குத் தோன்றியது. வக்கீல் யோசித்தார். தமிழில் ஒரு சங்கடம் இருந்தது. வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு என்று அந்த மொழி இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. நடுவில் நின்றுகொள்ள இடமில்லை.

"மன்னிப்பு மாதிரி இருக்கணும். ஆனா மன்னிப்பா இருக்கக் கூடாது. முடியுமா?" என்று வக்கீல் கேட்டார்.

அகராதி சிரித்தார். வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தார்.

மறுநாள் மாலைக்குள் கடிதம் தயார். பதினான்கு சொற்கள், ஒரே வாக்கியம். 'எதிர்பாராத தொழில்நுட்பச் சூழலில் நேர்ந்துவிட்ட தடையின் பொருட்டுத் தங்களுக்கு உண்டானதாக அறியவரும் அசௌகரியம் குறித்து மிகுந்த வருத்தம் கொள்ளப்படுகிறது' என்று அது ஓடியது. அதில் யாரும் எதுவும் செய்யவில்லை. எல்லாம் தானாக நேர்ந்தது, உண்டானது, கொள்ளப்பட்டது. வக்கீல் இரண்டு முறை படித்துவிட்டு அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, புகார் முடிந்தது என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார் மேனேஜர்.

டீச்சர் வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கதவில் கம்பெனி ஸ்டிக்கர் பளபளத்தது. அகராதி அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, நடப்பது உடம்புக்கு நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, படியேறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது பேச மூச்சில்லை. கதவைத் திறந்த டீச்சர், லிஃப்ட் இருக்க ஏன் நடந்து வந்தீர்கள் என்று கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

சின்ன வரவேற்பறை. மேசை நிறைய செய்தித்தாள்கள். அச்சுப் பிழைகளைச் சிவப்பில் திருத்தி அடுக்கி வைத்திருந்தார்; யாரும் கேட்காத வேலை. இந்த அம்மாவும் நம்ம இனம்தான் என்று அகராதிக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது.

டீச்சர் கடிதத்தைப் படித்தார். பேனாவைத் தொடவில்லை.

"தமிழ் நல்லா இருக்கு" என்றார். "யார் எழுதினது?"

தான்தான் என்று அகராதி அடக்கமாகச் சொன்னார். அடக்கம் அவருக்குப் பழக்கமில்லாததால் அது கொஞ்சம் சத்தமாகவே வந்தது. சொன்னதோடு நிற்காமல், சாரி என்ற சொல்லின் நீள அகலங்களை விளக்க ஆரம்பித்தார். டீச்சர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கேன்டீனில் கிடைக்காத கவனம். அவர் முடித்த பிறகு, அன்றைக்கு நடந்ததை டீச்சர் சொன்னார்.

அவசர மணியை அழுத்தியதும் ஒரு பெண் குரல் வந்தது. நல்ல குரல். சாரி மேடம் என்றது. ஆள் வருகிறாரா என்று கேட்டதற்கு இன்னொரு சாரி. எவ்வளவு நேரம் ஆகும் என்றதற்கு வேறொரு சாரி. வகுப்பில் தலைகளை எண்ணிப் பழகியவர் என்பதால் டீச்சர் எண்ணினாராம். முப்பத்தொன்று.

"ஏழு விதமா சொல்லுச்சு" என்றார். "'உங்க இடத்துல நாங்க இருந்தா என்ன பாடுபடுவோமோ, அந்தப் பாட்ட இப்பவே படறோம்.' எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

அது நான்காவது வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு முழு நாள் ஆகியிருந்தது. ஒரு ஆங்கில டீச்சர் அதை மனப்பாடமாகச் சொல்கிறார் என்றதும், அவரையும் மீறி அவருக்கு உள்ளே குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள் டீச்சர் அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

"எனக்கு சக்கரை. ரொம்ப நேரம் அடக்க முடியாது. அதையும் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன், வெக்கத்த விட்டு. அதுக்கும் அந்த அட்டையில இருக்கறதத்தான் படிச்சுது. அது படிக்கறதுன்னு குரல்லயே தெரிஞ்சுது. கதவத் திறந்தப்ப அஞ்சாவது மாடியே வெளிய நின்னுட்டிருந்தது. நான் நின்ன தரைய எல்லாரும் பாத்தாங்க." கடிதத்தை மடித்தார். "நீங்க அசௌகரியம்னு எழுதியிருக்கீங்க."

அகராதி தண்ணீர் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பதிலாக வேறு எந்தச் சொல்லைப் போட்டிருக்கலாம் என்று மூளை தன் பாட்டுக்குத் தேடியது. பழக்க தோஷம். ஒன்றும் கிடைக்கவில்லை.

"அந்த அட்டைய எழுதினதும் நான்தான்" என்றார்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று அகராதி எதிர்பார்த்தார், திட்டவில்லை. அழகாக ஒரு மன்னிப்பைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வந்ததெல்லாம் அட்டையிலிருந்தே வந்தது. ஒன்றாவது, மூன்றாவது, ஆறாவது. எல்லாமே அந்த அம்மா ஏற்கெனவே கேட்டவை. மூடிக்கொண்டார். கடைசியில் அவர் சொன்னதில் சாரியும் இல்லை, வருத்தமும் இல்லை. அவசரத்துக்கு ஓட இரண்டு ஆள் இருந்தார்கள், போன வருடம் அவர்களை நிறுத்திவிட்டார்கள், அவர்களுக்குப் பதிலாகத்தான் அந்த அட்டை வந்தது, எழுதச் சொன்னார்கள் எழுதினேன், நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன் என்று, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார்.

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இப்ப சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க. நான் உங்க படிவத்துல கையெழுத்துப் போடறேன்."

எழுதினார். எழுதும்போது இரண்டு இடத்தில் கை தானாக அலங்காரத்துக்குப் போனது. டீச்சர் அங்கே விரலை வைத்துத் தட்டினார், அகராதி அதை அடித்துவிட்டார். ஏழு வரி. தேதி போட்டுக் கையெழுத்திட்டார். தாளின் ஓரத்தில் மதிப்பெண் ஏதாவது விழுமா என்று கொஞ்சம் எட்டிப் பார்த்தார். விழவில்லை. டீச்சர் அதைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

பூட்டியது எடுக்காமல் இருப்பதற்கு இல்லை. அடுத்த வாரமே அதன் நகல் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் இருந்தது. அதற்கடுத்த வாரம், அந்தக் கம்பெனி லிஃப்ட் ஓடும் இன்னும் ஆறு கட்டடங்களில் இருந்தது. எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதினார்கள்: எங்கள் கட்டடத்துக்கு மெக்கானிக் இருக்கிறாரா, அட்டை இருக்கிறதா?

மறுபடியும் கதவு சாத்தப்பட்டது. வக்கீல் இந்தமுறை முதுகில் தட்டவில்லை. ஒரு காகிதத்தை நீட்டினார். அகராதி கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதம். வக்கீலே தயார் செய்திருந்தார். அகராதி படித்துப் பார்த்து அசந்துபோனார். இத்தனை நாள் வாயில் வராத சொல்லெல்லாம் அதில் வரிசை கட்டி நின்றது. நான், என் முழு அறிவோடு, இன்ன தேதியில், இன்ன தவற்றைச் செய்தேன். அதற்கு நிபந்தனையற்ற மன்னிப்புக் கோருகிறேன். எழுவாய் இருந்தது, செயப்படுபொருள் இருந்தது, வினைச்சொல் தலை நிமிர்ந்து இருந்தது.

"உங்களுக்கு மன்னிப்பு எழுதத் தெரியும்னு எனக்குத் தெரியாம போச்சே சார்" என்றார் அகராதி.

கையெழுத்துப் போடச் சொன்னார் வக்கீல். தனக்கும் எழுத வரும், சொந்த நடையிலேயே தருகிறேன் என்று சொல்லிவிட்டு, அகராதி தன் இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். 'அண்மையில் நேர்ந்துவிட்ட கடிதத்தின் பொருட்டுக் கம்பெனிக்கு ஏதேனும் அசௌகரியம் உண்டாகியிருப்பின், மிகுந்த வருத்தம் கொள்ளப்படுகிறது' என்று எழுதியிருந்தார். மேனேஜர் படித்தார், வக்கீலிடம் கொடுத்தார். வக்கீல் படித்தார். அதில் குறை சொல்ல அவருக்கு வழியில்லை. அவரே பாராட்டிய நடை.

வேலையை விட்டு அனுப்பினால் அவர் இன்னும் என்னென்ன எழுதுவாரோ என்ற பயத்தில், உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். பெட்டிகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டுகிற வேலை. திருகு, பெரியது. திருகு, சிறியது. வலது. இடது. எதற்கும் மாற்றுச் சொல் தேவைப்படவில்லை. கம்பெனி ஒரு மெக்கானிக்கைத் திரும்ப எடுத்தது; அதாவது பாதித் தப்பைத் திருத்திக்கொண்டது. அட்டையை எடுக்கவில்லை. புதிதாக யாரோ எழுதி, சாரியை ஒன்பது விதமாக்கியிருப்பதாகவும், அதில் இரண்டு வாக்கியத்தில் சந்திப்பிழை இருப்பதாகவும் கிடங்குக்குச் செய்தி வந்தது. மற்ற எதையும்விட அந்தச் சந்திப்பிழைதான் அவரை அன்று சாப்பிட விடாமல் செய்தது.

கிடங்குக்கு மாறிய முதல் நாள் சாயங்காலம், வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் நின்றார். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சு நின்று ஐம்பத்தாறு நாள்.

"அன்னைக்கு உன் மெசேஜ குரூப்ல போட்டேனே, அது விளையாட்டுக்கு இல்ல" என்றார். "உன்னக் கீழ காட்டினா நான் மேல தெரிவேன்னு போட்டேன். வேணும்னுதான் போட்டேன்."

கத்தி நிற்கவில்லை. அவள் நாலு பீன்ஸை முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"போட்டது பதினெட்டு பேர் முன்னாடி. சொல்றது சமையல்கட்டுலயா?"

அவர் அங்கேயே நின்று போனை எடுத்தார். ஏழு நிமிடம் தட்டினார், பெரும்பாலும் அழித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மிஞ்சியது இரண்டு வரி. என் மனைவி எழுதியதைக் கேலி செய்து இங்கே போட்டேன். என்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளத்தான் அப்படிச் செய்தேன். அனுப்பினார். ஒவ்வொருவராகப் படித்துவிட்டார்கள் என்று காட்டியது. அரை மணி நேரம் கழித்து அவள் தம்பி மட்டும் எழுதினான்: 'அக்கா, மாமா போன எவனோ ஹேக் பண்ணிட்டான், உடனே பேங்க்ல சொல்லு.'

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள். யாரும் ஹேக் செய்யவில்லை, அவரேதான் எழுதினார் என்று, ஆங்கிலத்தில், எல்லோருக்குமாகப் பதில் போட்டாள். ஒரு வரிதான். அதில் இரண்டு தவறு இருந்தது. அகராதி பார்த்தார். விரல் அரித்தது.

போனைக் கவிழ்த்து வைத்தார்.

"காம்பு கிள்ளத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றார். அவள் பாதித் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.